கொழுந்துக் கூடையும் பாரம்தான்

சென்ற வருடம் மலையகத்து வைத்தியசாலை ஒன்றில் உம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்கான சத்திரசிகிச்சை நடந்தது. வார்டில் நான்தான் துணைக்கு நின்றேன். பக்கத்துக் கட்டிலில் ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன் செய்திருந்தார்கள். டிக்கட் வெட்டிய நாளன்று அவர் கையிலிருந்த துண்டை என்னிடம் நீட்டினார்.

"பாப்பா, இதுல என்னா எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாதாம் அம்மா" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கொழுந்துக் கூடையும் பாரத்துல சேருமா பாப்பா?"

"சேரும்" என்றேன். "அப்ப ஆறு கிழமைக்குப் பேரு விழாதே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அவருக்குச் சிகிச்சை செய்த டொக்டரை நான் குறை சொல்லவில்லை. ஒப்பரேஷன் நன்றாகவே முடிந்திருந்தது. ஆனால் பதினைந்து, இருபது கிலோ கொழுந்தோடு மலை ஏறி இறங்கினால் அந்தத் தையலின் கதி என்ன? சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை தியேட்டர் கதவோடு முடிவதில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. நோயாளிக்கு விளங்கும் மொழியில் பேசுவதும், அவர் எந்த வாழ்க்கைக்குத் திரும்பிப் போகிறார் என்று அறிந்து வைத்திருப்பதும் சிகிச்சையின் பாதி.

இதை நம் நாட்டில் ஒருவர் நூற்றைம்பது வருடங்களுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார், சத்திரசிகிச்சை செய்தார், மாணவர்களுக்கும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவதையும், கிராமத்துக்கு வைத்தியர் இல்லாமல் போவதையும் கண்ட பிறகு தமிழுக்கு மாறினார். தமிழில் புத்தகம் இல்லை என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. தாமே தமிழ் கற்று, மாணவர்களின் துணையோடு மொழிபெயர்த்தார். சத்திரசிகிச்சை பற்றிய 'இரண வைத்தியம்' 1867இலும், உடலமைப்பைக் கூறும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. 1873இல் நாடு திரும்பிய பின்னரும் மொழிபெயர்ப்பை அவர் விடவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களை அவர் உருவாக்கினார். அவர் கையால் குணமானவர்களை விட, அவருடைய மாணவர்கள் கையால் குணமானவர்கள் எத்தனை மடங்கு இருந்திருப்பார்கள்!

இஸ்லாமிய நாகரிகம் படிக்கும் தோழிகளுக்கு அஸ்ஸஹ்ராவியைத் தெரிந்திருக்கும். ஆயிரம் வருடங்களுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அவர், 'அத்தஸ்ரீப்' என்ற முப்பது பாக நூலின் கடைசிப் பாகத்தைச் சத்திரசிகிச்சைக்கே ஒதுக்கினார். ஆயுதங்களைப் படமாகவும் வரைந்து காட்டினார். கத்தியைப் பிடித்த கை பேனாவையும் பிடித்ததால்தான் அந்த அறிவு லத்தீன் மொழி வழியாக ஐரோப்பாவுக்கும் போனது.

"ஒரு நாளைக்கு எத்தனையோ ஒப்பரேஷன் செய்பவருக்குப் பேச நேரம் ஏது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாவற்றையும் அவரே சொல்ல வேண்டும் என்றில்லை. வீட்டுக்குப் போகும் நோயாளிக்குக் கொடுக்க தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் அச்சிட்டு வைக்கலாம். "இவருக்கு ஆறு கிழமைக்கு இலகுவான வேலை கொடுங்கள்" என்று தோட்ட நிர்வாகத்துக்கு இரண்டு வரிக் கடிதம் எழுதலாம். தமிழ் அரச கரும மொழியாகி பல வருடங்கள் ஆகிவிட்டன. 2017இல் டிக்கோயாவில் 150 கட்டில்களோடு புதிய வைத்தியசாலைக் கட்டடமும் திறக்கப்பட்டது. கட்டிலில் படுப்பவருக்குத் தன் உடம்பில் என்ன நடந்தது என்று விளங்க வேண்டாமா?

நான் உயிரியல் பிரிவில் தமிழ் மொழியில் படிக்கிறேன். மருத்துவ பீடத்துக்குப் போனால் எல்லாமே ஆங்கிலம். அதை நினைத்துப் பல நாள் பயந்திருக்கிறேன். இன்று அப்படி நினைப்பதில்லை. ஆங்கிலத்தைக் கற்றுக்கொள்ளலாம். கொழுந்துக் கூடையின் பாரம் தெரிந்தவர்களும், "பேரு விழாதே" என்ற கவலை விளங்குபவர்களும் இந்த மலையில் வளர்ந்த நாங்கள்தான்.

பெற்றோரே, "பொம்பளப் பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை சரிவராது, இரவு வேலை, கஷ்டம்" என்று சொல்வதற்கு முன் அந்த வார்டை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். தன் வயிற்றுத் தையலைப் பற்றி ஒரு பெண்ணிடம், தன் பாஷையில் கேட்கக் காத்திருக்கும் அம்மாமார் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எங்களில் சிலரையாவது அனுப்பி வையுங்கள்.