கூடிக் கேட்டதும் கூடிச் சொன்னதும்

மகிழ்ச்சி ஒரு விசித்திரமான செல்வம். பணத்தைப் பிறருக்குக் கொடுத்தால் நம் கையில் குறைகிறது. மகிழ்ச்சியைப் பிறரிடம் சொன்னாலோ கூடுகிறது. சுற்றுலா முடிந்து திரும்பிய மறுநாள் நம் வகுப்பறையில் எழும் இரைச்சலைக் கேட்ட ஆசிரியைகளுக்கு இது நன்கு தெரியும். ஒரே பேருந்தில் சென்று ஒரே இடத்தைப் பார்த்தவர்கள், ஒருவருக்கொருவர் அதையே சொல்லிக்கொள்வார்கள். பார்த்தவர்களிடமே பார்த்ததை ஏன் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது எனக்கு எடுத்துக்காட்டாகக் கிடைத்தவர்கள், தொலைதூர அமெரிக்காவில் உள்ள ஒருவகை இசை ரசிகர்கள். அவர்களைப் பற்றி என் கருத்தை இங்கே எழுத விரும்புகிறேன்.

அமெரிக்காவில் 'ஜாம் பேண்ட்' என்று அழைக்கப்படும் இசைக்குழுக்கள் உண்டு. எழுதி வைத்த பாட்டை எழுதியபடியே வாசித்து முடிப்பது இவர்கள் வழக்கமன்று. பாட்டைத் தொடங்குவார்கள், நடுவில் அதை விட்டு விலகி, ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் அந்த நேரத்தில் தோன்றியதை வாசிப்பார்கள், ஐந்து நிமிடப் பாட்டு அரை மணி நேரம் நீளும். நம் வித்வான்கள் மனோதர்மம் என்று சொல்வதை நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். 1965-ல் கலிபோர்னியாவில் தோன்றி, ஜெர்ரி கார்சியா என்ற கிதார் கலைஞர் மறைந்த 1995 வரை வாசித்த 'கிரேட்ஃபுல் டெட்' குழுவே இவ்வகைக்கு முன்னோடி. 1983-ல் வெர்மான்ட் மாநிலத்துக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய 'ஃபிஷ்' குழு அதன் வழியில் வந்தது.

இந்த இசை நமக்கு முற்றிலும் அந்நியமானது என்றும் எண்ண வேண்டாம். கிரேட்ஃபுல் டெட் குழுவின் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட் 1991-ல் 'பிளானட் டிரம்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். அதில் நம் கடம் வித்வான் விக்கு விநாயகராமும் வாசித்திருக்கிறார். உலக இசைக்கென முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருது அந்தத் தொகுப்புக்கே கிடைத்தது.

ஒவ்வோர் இரவும் இசை வேறுபடுவதால், நேற்று வந்தவர் கேட்டதை இன்று வந்தவர் கேட்க முடியாது. 2017-ல் ஃபிஷ் குழு நியூயார்க்கில் ஒரே அரங்கில் 13 இரவுகள் வாசித்தது. ஒரு பாட்டைக்கூடத் திரும்ப வாசிக்காமல் 237 பாட்டுகளை வாசித்தது! இப்படியிருக்க, வந்தவர் வராதவருக்குச் சொல்லாவிட்டால் அந்த இசை காற்றோடு போய்விடும். ஆகவே இந்த ரசிகர்களுக்குச் சொல்வது என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல, ஒரு பொறுப்பும் ஆகிவிட்டது. கிரேட்ஃபுல் டெட் குழு 1984 முதல், கச்சேரியை ஒலிப்பதிவு செய்யும் ரசிகர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. பதிந்த நாடாக்களை விற்கக் கூடாது. ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம் என்பதே எழுதாத சட்டம். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் அக்குழு நடத்திய கச்சேரியின் ஒலிநாடா இவ்வாறு கைமாறிக் கைமாறிப் புகழ் பெற்றது. பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2011-ம் ஆண்டுப் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொண்டது. ஒரு நாட்டின் நூலகம் மதிக்கும் பொருளாக அதை வளர்த்ததில் சாதாரண ரசிகர்களின் பங்கு பெரிது.

இனி வார இறுதித் திருவிழாவுக்கு வருவோம். 1996 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பிளாட்ஸ்பர்க் நகரில், மூடப்பட்ட விமானப்படைத் தளம் ஒன்றில் ஃபிஷ் குழு 'கிளிஃபோர்டு பால்' என்ற இரண்டு நாள் விழாவை நடத்தியது. சுமார் 70,000 பேர் வந்து கூடாரம் அடித்துத் தங்கினார்கள். முதல் நாள் கச்சேரி முடிந்து பலர் உறங்கிய பின்னிரவில், குழுவினர் ஒரு திறந்த லாரியில் ஏறி, வாசித்தபடியே கூடாரங்களுக்கிடையே மெல்ல ஊர்ந்து சென்றார்கள். விழித்திருந்தவர் கண்டார், உறங்கியவர் காணவில்லை. பொழுது விடிந்ததும் பக்கத்துக் கூடாரத்தார் சொல்லித்தானே உறங்கியவர் அதை அறிந்திருப்பார்? நான் தேடிய விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறோம். ஆனால் எவரும் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. ஆளுக்கொரு துண்டு கிடைக்கிறது. சொல்லிச் சேர்த்தால்தான் விழா முழுமையாகிறது.

1997-ல் மெய்ன் மாநிலத்தின் லைம்ஸ்டோன் என்ற சிற்றூரில் நடந்த விழாவில் இதைக் கண்ணாலேயே காண முடிந்தது. ரசிகர்கள் மரத்துண்டுகளுக்கு வண்ணம் தீட்டி ஒரு கோபுரம் எழுப்பினார்கள். மேடையில் இருந்த குழுவினரும் தாங்கள் தீட்டிய துண்டுகளைக் கூட்டத்தின் தலைக்கு மேலாகக் கைமாற்றி அனுப்ப, அவையும் அக்கோபுரத்தோடு சேர்க்கப்பட்டன. விழா முடிவில் கோபுரத்துக்குத் தீ வைத்தார்கள். எஞ்சியிருப்பது பார்த்தவர்களின் சொல் மட்டுமே.

இங்கே என் வீட்டில் நடந்த ஒரு விவாதத்தையும் கூற வேண்டும். என் சித்தப்பா அமெரிக்காவில் பணிபுரிந்த காலத்தில், 2015 ஆகஸ்டில் வாட்கின்ஸ் கிளென் என்ற ஊரில் நடந்த ஃபிஷ் குழுவின் மூன்று நாள் விழாவுக்குப் போயிருக்கிறார். விடுமுறைக்கு வந்திருந்தபோது அதைப் பற்றி ஆர்வத்துடன் சொன்னார். என் அப்பா சிக்கனக்காரர். "இவ்வளவு செலவழித்து, வெயிலில் நின்று, தரையில் படுத்து... வீட்டில் உட்கார்ந்தே கேட்டிருக்கலாமே!" என்றார். அதற்குச் சித்தப்பா, "பாட்டு வீட்டுக்கு வரும் அண்ணா. பக்கத்துக் கூடாரத்துக்காரர் வருவாரா?" என்று கேட்டார். கூடார முளை அடிக்கச் சுத்தியல் இல்லாமல் விழித்தவருக்கு, முன்பின் தெரியாத ஒரு முதியவர் தம் சுத்தியலைக் கொடுத்து, முளை அடிக்கவும் கற்றுக்கொடுத்தாராம். மறுநாள் காலை சித்தப்பா சிறிய அடுப்பில் ரவை உப்புமா கிளறி அவருக்குக் கொடுத்தாராம். அந்த முதியவர் பல விழாக்களின் கதையைச் சொல்லியிருக்கிறார். அதே ஊரில் 1973-ல் கிரேட்ஃபுல் டெட் உள்ளிட்ட மூன்று குழுக்கள் வாசித்த ஒருநாள் கச்சேரிக்குச் சுமார் ஆறு லட்சம் பேர் திரண்ட கதை அவற்றில் ஒன்று. "எங்கள் வீட்டு உப்புமா அமெரிக்கா வரை போய்விட்டதே!" என்று அம்மாவுக்கு ஒரே பெருமை. ஆனால் அப்பா விடவில்லை. "நல்லதை மட்டும் சொல்கிறாய். அங்கே வேறு என்னவெல்லாம் நடக்கும் என்று எனக்கும் தெரியும்" என்றார்.

அப்பாவின் வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். அனுபவத்தைச் சொல்பவர் இனிப்பானதை மட்டும் பொறுக்கிச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். ரசிகர்களின் கூற்றுக்கு மதிப்பு உண்டா, இல்லையா என்பதை அவர்கள் கசப்பை எப்படிச் சொல்கிறார்கள் என்பதை வைத்தே நான் முடிவு செய்வேன்.

2004 ஆகஸ்டில் வெர்மான்ட்டின் கோவென்ட்ரி என்ற ஊரில், குழு கலையப் போகிறது என்ற அறிவிப்புடன் ஃபிஷ் விழா நடந்தது. முன்னதாகப் பெய்த பெருமழையில் வயல்கள் சேறாகிவிட்டன. வண்டிகள் உள்ளே வர இயலாது, திரும்பிப் போங்கள் என்று வானொலியில் அறிவித்தார்கள். ஆயினும் ஏராளமானோர் கார்களை நெடுஞ்சாலை ஓரத்தில் விட்டுவிட்டு, மூட்டைகளைச் சுமந்து மைல் கணக்கில் நடந்தார்கள். இவ்வளவு பாடுபட்டுச் சென்றவர்கள், "ஆகா, அற்புதம்!" என்று சொல்லியிருந்தால் யாரும் குறை கூற மாட்டார்கள். ஆனால் கலைஞர்கள் தடுமாறினார்கள், வாசிப்பு சரியாக அமையவில்லை என்று ரசிகர்களே வெளிப்படையாகச் சொன்னார்கள். அன்பு வைத்த இடத்திலும் உண்மையை மறைக்காத இந்தப் பண்பை நான் மதிக்கிறேன். அக்குழு 2009-ல் மீண்டும் ஒன்றுசேர்ந்தது. 2024-லும் டெலவேர் மாநிலத்தில் விழா நடத்தியது.

போதைப்பொருள் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. பெற்றோர் அஞ்சுவது இதற்குத்தான். அந்த அச்சம் நியாயமானது. இத்தகைய விழாக்களில் அந்தத் தீமை உண்டு. ஃபிஷ் குழுவின் கிதார் கலைஞர் ட்ரே அனஸ்டாசியோவே அதில் சிக்கி, 2006-ல் கைதாகி, பின்னர் சிகிச்சை பெற்று மீண்டவர். ஆனால் இந்தக் கதையின் மறுபாதியைப் பலர் அறியார். கிரேட்ஃபுல் டெட் ரசிகர்களில், குடியையும் போதையையும் விட்டுவிட்டு இசையை மட்டும் விடாத சிலர் 1980-களின் தொடக்கத்தில் 'வார்ஃப் ராட்ஸ்' என்ற பெயரில் ஒன்றுகூடினர். கச்சேரியின் இடைவேளையில் மஞ்சள் பலூன்களைக் கட்டிய இடத்தில் சந்திப்பார்கள். ஒருவர் தம் அனுபவத்தைச் சொல்ல, மற்றவர் கேட்பார்கள். ஃபிஷ் ரசிகர்களிடையேயும் அதுபோன்ற குழு உண்டு. அத்தனை ஆயிரம் பேர் நடுவே, தடுமாறும் ஒருவருக்கு அந்த மஞ்சள் பலூன் எவ்வளவு பெரிய துணை!

தோழிகளே, நம்மைத் தொடும் ஒரு விஷயத்துக்கு இப்போது வருகிறேன். கூட்ட நெரிசலில் பெண்களுக்கு நேரும் தொல்லை எந்த நாட்டுக்கும் புதிதன்று. அதைச் சொல்லாமல் விழுங்கிவிடுவதும் எந்த நாட்டுக்கும் புதிதன்று. ஃபிஷ் ரசிகைகள் விழுங்கவில்லை. தங்கள் விருப்பமின்றித் தங்களைத் தொட்டவர்களைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். அதன் விளைவாக 'க்ரூவ் சேஃப்' என்ற இயக்கம் பிறந்து, இசை அரங்குகளில் பெண்களின் பாதுகாப்புக்காக உழைத்து வருகிறது. 'அது இனிய அனுபவம் அல்லவே, அதை ஏன் சொல்ல வேண்டும்?' என்று அவர்கள் எண்ணியிருந்தால் அந்த இயக்கம் ஏது? நம்மில் பலர் சுற்றுலாவின் இனிப்பை வகுப்பு முழுவதற்கும் சொல்வோம். பேருந்தில் நேர்ந்த தொல்லையை அம்மாவிடம்கூடச் சொல்ல மாட்டோம். சொன்னால் இனி வெளியே அனுப்ப மாட்டார்களே என்ற பயம்! பெரியவர்களுக்கு என் பணிவான வேண்டுகோள்: கசப்பைச் சொல்லும் பெண்ணுக்கு வீட்டுக் கதவைச் சாத்துவது மருந்தாகாது. அப்படிச் சாத்தினால் அடுத்த முறை அவள் இனிப்பை மட்டுமே சொல்லப் பழகிவிடுவாள்.

ரசிகர்களின் பேச்சால் என்ன பயன் என்று இன்னும் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 1996-ல் ஃபிஷ் ரசிகர்கள் சிலர் 'மாக்கிங்பேர்ட் ஃபவுண்டேஷன்' என்ற அறநிறுவனத்தைத் தொடங்கினார்கள். எந்தக் கச்சேரியில் என்னென்ன பாட்டு, எப்படி அமைந்தது என்று தங்களுக்குள் பேசி, எழுதி, திருத்திச் சேர்த்தவற்றை 2000-ல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். நூலின் வருவாய் சிறுவர் சிறுமியரின் இசைக் கல்விக்குப் போகிறது. இந்நிறுவனம் இதுவரை 20 லட்சம் டாலருக்கும் மேல் வழங்கியிருக்கிறது. உழைப்பவர்கள் அனைவரும் ஊதியம் பெறாத தொண்டர்கள். எங்கோ ஒரு பள்ளியில் வயலின் பழகும் சிறுமிக்கு, தன் கையிலுள்ள வில் சில ரசிகர்களின் பேச்சிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்குமோ, என்னவோ!

ஆகவே, இந்த ரசிகர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதை வீண்பேச்சு என்று ஒதுக்குவது சரியன்று என்பது என் கருத்து. அவர்களைப் போல் நாமும் ஓர் இசைக்குழுவைப் பின்தொடர்ந்து ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் சொல்லும் முறையை நாம் கற்றுக்கொள்ளலாம். நமக்குக் கிடைத்த துண்டை மறைக்காமல் கொடுப்போம். சேறு ஒட்டியிருந்தால் சேற்றோடு கொடுப்போம். கேட்பவர்களும் பாதியில் தடுக்காமல் கேட்கட்டும். இந்த வீட்டு விவாதம் இன்னும் முடியவில்லை, ஆனால் அப்பா இப்போது சித்தப்பாவிடம் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "அந்தச் சுத்தியல்காரர் எப்படி இருக்கிறார்?" என்று விசாரிக்கத் தவறுவதில்லை.

- பத்தாம் வகுப்பு மாணவி