பத்தாம் நாள் அறிக்கை

சென்ற ஆண்டு ஒரு மழைநாள் இரவில் என் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வகுப்பில் கேள்வி கேட்டே என்னைத் திணறடித்தவர். அன்று அவருக்குப் பேச்சே எழவில்லை. திருமணம் நிச்சயமாகியிருந்த நிலையில், வெளியூர் சென்ற இடத்தில் பாதுகாப்பின்றி ஓர் உறவு நேர்ந்துவிட்டது. அச்சம் தாளாமல் பத்தாம் நாளே தாமாக ஓர் ஆய்வுக்கூடத்துக்குச் சென்று ஹெர்ப்பிஸ் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருக்கிறார். அறிக்கையில் இரண்டு இடங்களில் 'பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்து. உடலில் புண்ணோ கொப்புளமோ இல்லை. மருத்துவர் எவரையும் அவர் பார்க்கவுமில்லை. "ஐயா, கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார்.

நான் மருத்துவன் அல்லன். ஆனால் பிரதியை வாசிப்பது என் தொழில். யார் கூற்று, எச்சூழலில் சொன்னது என்று அறியாமல் ஓர் அகப்பாடலுக்குப் பொருள் சொல்லப் புகுந்தால், தோழியின் சொல்லைத் தலைவியின் தலையில் ஏற்றிவிடுவோம். அந்த அறிக்கைக்கும் அப்படியொரு கூற்றுக் குறிப்புத் தேவைப்பட்டது. அவர் இசைவுடன், தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரான என் நண்பரிடம் அதைக் காட்டினேன். அவர் விளக்கியதிலிருந்தும், பிறகு நான் தேடிப் படித்ததிலிருந்தும் தெளிந்தவற்றை இங்கே சொல்கிறேன்.

முதல் 'பாசிட்டிவ்' ஐஜிஎம் என்னும் எதிர்ப்பொருளுக்கானது. புதிய தொற்றைக் காட்டுவது இதுவே என்று பலரும் நம்புகிறார்கள். ஹெர்ப்பிஸைப் பொறுத்தவரை அந்நம்பிக்கை பிழை. பழைய தொற்று மீண்டும் தலையெடுக்கும்போதும் ஐஜிஎம் தோன்றலாம். வைரஸின் இரு வகைகளை அது சரிவரப் பிரித்தறிவதுமில்லை. ஆகவே அச்சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்றே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது.

இரண்டாவது, எச்எஸ்வி 1 வகைக்கான ஐஜிஜி. உதட்டோரம் கொப்புளம் உண்டாக்கும் வைரஸ் இது. பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே வந்து, அறிகுறியே இல்லாமல் உடலில் தங்கிவிடுவது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, 50 வயதுக்குட்பட்டோரில் 64 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 380 கோடிப் பேர், இதைச் சுமக்கிறார்கள். ஐஜிஜி உருவாகப் பல வாரங்கள் ஆகும். பத்தாம் நாளில் அது இருந்ததென்றால், பெரும்பாலும் அந்த இரவுக்கு வெகுகாலம் முன்பே இருந்திருக்கிறது என்றுதான் பொருள். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, உடலில் எங்கே உறைகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் இரத்தம் விடை சொல்லாது.

பிறப்புறுப்பு ஹெர்ப்பிஸுக்குப் பெரிதும் காரணமான எச்எஸ்வி 2 வகைக்கு அந்த அறிக்கை 'நெகட்டிவ்' என்றது. அதையும் அன்று நம்புவதற்கில்லை. 12 வாரங்கள் கழிந்த பிறகே அந்த விடைக்கு மதிப்புண்டு. அப்போது 'பாசிட்டிவ்' வந்தாலும், பக்கத்திலுள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் சோதனைகளில் அது 1.1க்கும் 3.0க்கும் இடையில் இருந்தால் பொய்யான முடிவாக இருக்க வாய்ப்பு அதிகம். வேறொரு முறையால் உறுதிசெய்ய வேண்டும். புண் தோன்றினால், அது ஆறுமுன் அதிலிருந்தே மாதிரி எடுத்துச் செய்யும் பிசிஆர் சோதனைதான் நம்பகமானது.

உண்மையில் அந்த இளைஞர் கேட்டிருக்க வேண்டிய முதற்கேள்வி வேறு. எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஹெர்ப்பிஸைப் பற்றியே அஞ்சிக்கொண்டிருந்ததில் அந்த வாய்ப்புக் கைநழுவிப்போனது. எச்ஐவி, சிபிலிஸ் சோதனைகளை உரிய காலத்தில் செய்யும்படி என் நண்பர்தான் எழுதிக்கொடுத்தார்.

என் வழக்கு இதுதான். அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஹெர்ப்பிஸ் இரத்தப் பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு 2023இல் மீண்டும் பரிந்துரைத்தது. பொய்யான முடிவுகள் விளைவிக்கும் கேடு அதற்கு ஒரு முக்கியக் காரணம். இங்கோ கேட்டவருக்கெல்லாம், கேட்ட நாளிலேயே, ஐஜிஎம் உட்பட எடுத்துக் கொடுக்கிறார்கள். எத்தனையாம் நாள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் அச்சிடுபவருக்கு அதன் பொருளைத் தமிழில் நான்கு வரியில் விளக்கும் கடமையும் உண்டு. குறைந்தது, மருத்துவரைக் காணாமல் இதை வைத்து எம்முடிவுக்கும் வராதீர்கள் என்றாவது எழுதலாம்.

நம் பங்கும் இதில் இருக்கிறது. பாட்டிக்கு அக்கி வந்தபோது மருத்துவர் சீட்டில் எழுதியதும் 'ஹெர்ப்பிஸ்' தான். ஆனால் 'சோஸ்டர்' என்னும் அது சின்னம்மை வைரஸால் வருவது, வேறு நோய். அக்கிக்குக் காவி எழுத ஊரறியக் குயவர் வீட்டுக்குப் போகிறோம். மற்றதைப் பேசத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. பேசாததால் அச்சம் நோயைவிடப் பெரிதாகிவிடுகிறது. எச்எஸ்வி 2 உறுதியானால்கூட அது வாழ்வின் முடிவன்று. வேரோடு நீக்க மருந்தில்லை. ஆனால் அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகள் கட்டுப்படுத்தும். துணையிடம் மறைக்காமல் சொல்லி, மருத்துவர் சொற்படி நடந்தால் இல்லறம் நடத்தலாம், பிள்ளை பெறலாம். கருவுற்ற காலத்தில் மருத்துவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

மூன்று மாதம் கழித்து அந்த மாணவர் மீண்டும் அழைத்தார். எச்எஸ்வி 2 இல்லை. மற்ற சோதனைகளிலும் ஒன்றுமில்லை. நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொல்வதா என்று கேட்டார். "தம்பி, அந்தக் கேள்விக்கு விடை எந்த அறிக்கையிலும் வராது" என்றேன். அதன் பிறகு நடந்தது அவர்கள் இருவருக்கும் உரியது. பத்தாம் நாள் தாள் ஒன்று அதைத் தீர்மானிக்காமல் போனதில்தான் எனக்கு ஆறுதல்.