மறைந்திருந்து எய்யப்படும் அம்பு

வாலிகண்டபுரத்து வாலீசுவரர் கோயிலைக் காட்டி, வாலி ஈசனை வழிபட்ட தலம் இது என்று நம் இந்துச் சகோதரர்கள் கூறுவர். அந்த வாலியின் கதையில் நம் சிந்தைக்கு உரியதாக ஒரு கேள்வி உண்டு. அம்பு தைத்து மண்ணில் விழுந்தவன், ‘எதிரே நின்று பொராமல் மறைந்து நின்று எய்தது முறையா?’ என்று கேட்கிறான். அவன் குற்றமற்றவன் என்று எவரும் சொல்லவில்லை. ஆயினும் தண்டித்த முறை தகுமா என்னும் வினா நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. நம் அரசு பயங்கரவாதத்தை எதிர்க்கும் முறையைக் குறித்தும் இதே வினாவை எழுப்ப வேண்டியிருக்கிறது.

அண்டையிலுள்ள திருச்சி மாவட்டத்து விரகாலூரில் 1937ஆம் ஆண்டு பிறந்தவர் அருட்தந்தை ஸ்டான் சுவாமி. இயேசு சபைத் துறவியாகிச் சார்க்கண்டு மாநிலத்துப் பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். நக்சலைட்டுகள் என்று முத்திரை குத்தப்பட்டுச் சிறைகளில் வாடிய பழங்குடி இளைஞர்களுக்காக உயர் நீதிமன்றத்தை நாடினார். 2020 அக்டோபர் 8ஆம் நாள், பீமா கோரேகான் வழக்கில், தேசியப் புலனாய்வு முகமை அவரைக் கைது செய்தது. அப்போது அவருக்கு வயது 83. நடுக்குவாத நோயினால் குவளையைப் பிடித்து நீர் அருந்த இயலாத அவர், உறிஞ்சு குழலும் அதற்கேற்ற குவளையும் வேண்டி நீதிமன்றத்தில் விண்ணப்பித்தார். பதிலளிக்க முகமை இருபது நாள் அவகாசம் கேட்டது; பின்னர், அப்படியொரு பொருளை அவரிடமிருந்து நாங்கள் கைப்பற்றவே இல்லை என்றது. 2021 மார்ச்சில் பிணை மறுக்கப்பட்டது. சூலை 5ஆம் நாள், அவரது பிணை மனு மும்பை உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரவிருந்த வேளையில், மருத்துவமனையில் காவல் கைதியாகவே இறந்தார். அவர் குற்றவாளியா அல்லரா என்பதை ஆராயும் விசாரணை தொடங்கவே இல்லை.

அந்நாள்களில் திருப்பலி முடிந்து வெளியே வந்த பெரியவர் ஒருவர் நம்மிடம், “சாமி, ஒண்ணும் செய்யாமலா பிடிச்சிருப்பாங்க?” என்று கேட்டார். அவரை நாம் குறை கூறவில்லை. நம்முள் பலர் மனத்தில் உள்ளதை அவர் வாய்விட்டுக் கேட்டார். அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். பயங்கரவாதம் கொடிய பாவம். 1987 மார்ச்சில் அரியலூரை அடுத்த மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வைத்து மலைக்கோட்டை விரைவு வண்டியைக் கவிழ்த்தார்களே, அதில் மாண்ட இருபதுக்கும் மேற்பட்ட எளிய பயணிகள் யாருக்கு என்ன தீங்கு செய்தார்கள்? குடிமக்களைக் காப்பது அரசின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், 2002 சனவரி முதல் நாள் உலக அமைதி நாளுக்காக விடுத்த செய்தியில் இதனை ஏற்றுக்கொண்டார். ஆனால் அந்த உரிமைக்கும் அறநெறியின் வரம்பும் சட்டத்தின் வரம்பும் உண்டு என்றும், குற்றவாளி யார் என்பது செவ்வையாக நிறுவப்பட வேண்டும் என்றும் அதே செய்தியில் வற்புறுத்தினார். நம் அரசுகள் மீறியிருப்பது இந்த வரம்பையே.

தடாச் சட்டம் 1985 முதல் 1995 வரை நடப்பில் இருந்தது. அதன் கீழ்க் கைதானவர்கள் 76,000 பேருக்கும் மேல். தண்டிக்கப்பட்டவர்களோ நூற்றுக்கு ஐவர் கூட இல்லை. காவல்துறை அதிகாரியிடம் அளிக்கப்படும் வாக்குமூலத்தையே சான்றாகக் கொள்ள அச்சட்டம் இடம் தந்தது. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998ஆம் ஆண்டு 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. தடா இவ்வழக்குக்குப் பொருந்தாது என்று கூறிய அதே தீர்ப்பு, தடாவின் கீழ் எடுத்த வாக்குமூலங்களை ஏற்றுக்கொண்டது. பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, மின்கலங்கள் எதற்கென்று தெரியாது என அவ்விளைஞர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013ஆம் ஆண்டு வெளிப்படையாகச் சொன்னார். பேரறிவாளன் முழு விடுதலை பெற்றது 2022 மே மாதத்தில். முப்பத்தோர் ஆண்டுகளை அவருக்கு யார் திருப்பித் தருவது?

தடா போய் 2002இல் பொடா வந்தது. ஒரு பொதுக்கூட்டப் பேச்சுக்காக வைகோ பத்தொன்பது மாதங்கள் சிறையிருந்தார். 2004இல் பொடா நீக்கப்பட்டது. ஆனால் அதன் விதிகள் பல, 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் குடிபுகுந்தன. 2008இல் அச்சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. குற்றப்பத்திரிகை இன்றியே ஒருவரை 180 நாள் வரை அடைத்து வைக்கலாம். முதல் நோக்கில் குற்றச்சாட்டு மெய்யெனத் தோன்றினால் நீதிபதி பிணை தரலாகாது. அரசு சொல்வதை அரசின் ஏட்டைக் கொண்டே சரிபார்க்கும் விந்தை இது! 2016 முதல் 2020 வரை இச்சட்டத்தின் கீழ் வழக்கில் சேர்க்கப்பட்டவர்கள் 24,000 பேருக்கும் மேல் என்றும், தண்டனை பெற்றவர்கள் 212 பேர் என்றும் அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மற்றவர்களுக்கு வழக்கே தண்டனை, காத்திருப்பே சிறைவாசம். வாலியின் மீது மறைந்திருந்து எய்த அம்பு இதுவே. எய்தவர் எதிரே வருவதில்லை. விழுந்தவருக்குக் கேட்கவும் வழியில்லை.

பெரியவரின் கேள்விக்கு இதுதான் விடை: பிடித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் மீது குற்றம் மெய்ப்பிக்கப்படவே இல்லை.

‘கடுமையான சட்டம் இருந்தால்தானே நாடு பாதுகாப்பாக இருக்கும்?’ என்று சிலர் கேட்கக்கூடும். இலங்கையைப் பாருங்கள். அங்கே 1979 முதல் பயங்கரவாதத் தடைச் சட்டம் இருந்தது. எத்தனையோ தமிழ் இளைஞர்கள் விசாரணையின்றி அதன் கீழ் அடைக்கப்பட்டார்கள். ஆயினும் 2019 உயிர்ப்புப் பெருவிழாவன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், பிற இடங்களிலும் குண்டுகள் வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாக்குதல் நிகழக்கூடும் என்ற எச்சரிக்கை இந்தியாவிடமிருந்து முன்கூட்டியே போயிருந்தது. சட்டத்தில் கடுமை குறைவாக இருந்ததால் அந்த உயிர்கள் போகவில்லை. பொறுப்பில் இருந்தோர் கடமை தவறியதால் போயின. முன்னாள் குடியரசுத் தலைவர் சிறிசேனாவே பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது.

பொறுப்பேற்றல் என்றதும் மீண்டும் மருதையாறு நினைவுக்கு வருகிறது. 1956 நவம்பரில் அவ்வாற்றில் தூத்துக்குடி விரைவு வண்டி கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். வெள்ளத்தை அவர் வரவழைக்கவில்லை. ஆயினும் பொறுப்பு தமது என்றார். அரசின் காவலில், அரசின் பிடிவாதத்தால், நோயுற்ற முதியவர் ஒருவர் இறந்தபோது யார் பதவி விலகினார்? யார் வருத்தமேனும் தெரிவித்தார்?

அரசை மட்டும் சாடிவிட்டு நாம் கைகழுவிக்கொண்டால் பிலாத்துவுக்கும் நமக்கும் வேற்றுமை என்ன? தடாவில் பல்லாயிரவர் வாடியபோது நம் மறையுரை மேடைகள் பேசினவா? கோவை குண்டுவெடிப்புக்குப் பின் எளிய இசுலாமியக் குடும்பங்கள் கலங்கி நின்றபோது அண்டை வீட்டாராகிய நாம் சென்று கதவைத் தட்டினோமா? சிறைபட்டவர் நம் அருட்தந்தை என்றானபோதுதான் மெழுகுதிரி ஏற்றினோம். தாமதமாக வந்த நம் கண்ணீரை ஆண்டவர் ஏற்பாராக. இந்த மௌனத்தில் இக்கட்டுரையை எழுதும் நமக்கும் பங்கு உண்டு.

மக்கள் அனைவரும் அழிவதைவிட ஒருவன் சாவது நல்லது என்றான் தலைமைக் குரு கயபா. நாட்டின் பாதுகாப்பு என்ற பெயரால் சொல்லப்பட்ட வாதம் அது. அதே சங்கத்தில், ஒருவனை விசாரியாமல் தீர்ப்பிடுவது நம் சட்டத்துக்கு ஒக்குமா என்று முன்னொரு நாள் கேட்டவர் நிக்கதேம். ஏளனம் செய்யப்பட்டபோதும் அவர் கேட்டார். முறையற்ற சிறைவாசத்தை மனித மாண்புக்கு இழைக்கப்படும் இழிவுகளுள் ஒன்றாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் எண்ணியிருக்கிறது. ஆகவே இது அரசியல்வாதிகளின் அலுவல் என்று நாம் ஒதுங்க முடியாது.

பொதுநிலையினராகிய நீங்கள் வாக்குக் கேட்டு வருவோரிடம் மூன்றினைக் கேளுங்கள். பிணை மறுப்பதே விதி என்னும் பிரிவை நீக்குவீர்களா? குறித்த காலத்துக்குள் விசாரணை முடியாவிட்டால் விடுவிப்பீர்களா? குற்றமற்றவரெனத் தீர்ப்புப் பெற்றவருக்கு இழப்பீடும், பொய் வழக்கிட்ட அதிகாரிக்குத் தண்டனையும் சட்டமாக்குவீர்களா? கேட்கப்படுகிறவர் எக்கட்சியினராயினும் கேளுங்கள். ஏனெனில் இச்சட்டங்களை எல்லாக் கட்சிகளின் ஆட்சியும் பயன்படுத்தியிருக்கிறது. அடுத்த முறை சிறைபடுபவர் நம் மதத்தவராகவோ நம் இனத்தவராகவோ இல்லாமல் இருக்கலாம். அப்போதும் கேட்போமானால்தான், விரகாலூர் மண் தந்த அந்த முதியவருக்கு நாம் உண்மையாகவே அஞ்சலி செலுத்தியவர்கள் ஆவோம்.