மாடிக் கதவு

கும்மிடிப்பூண்டி லோக்கல்ல ஏறினா, பொன்னேரி வர்றதுக்குள்ள ஆருஷி கொலை வழக்குக்குத் தீர்ப்பே எழுதிடுவாங்க நம்ம பசங்க. "பொண்ணு செத்தும் அம்மா அழவே இல்லையே, அங்கதான் மச்சி இடிக்குது!" அழுகையை அளக்க எந்த லேப்ல மீட்டர் இருக்கு?

எனக்கு இடிக்கிறது வேற. 2008 மே 16 காலையில் நொய்டா வீட்டில் ஆருஷியின் உடல் கிடைத்தது. வீட்டு வேலை பார்த்த ஹேம்ராஜைக் காணோம். அவர்தான் கொலைகாரர்னு போலீஸ் தேடக் கிளம்பியது. மாடிக் கதவு பூட்டியிருந்தது, ரத்தக்கறையோட. அன்று யாரும் உடைக்கவில்லை. மறுநாள் திறந்தால், 'கொலைகாரர்' அங்கேயே செத்துக் கிடக்கிறார்! அதற்குள் அக்கம்பக்கம், மீடியா என்று ஊரே வீட்டுக்குள் நடந்து முடித்திருந்தது. மிதிபட்ட தடயத்தை எந்த சிபிஐ வந்து மீட்கும்?

பிறகு வேலையாட்கள் 3 பேர் கைதாகி, ஆதாரமில்லாமல் வெளியே வந்தார்கள். 2013-ல் பெற்றோருக்கு ஆயுள் தண்டனை. 2017 அக்டோபரில் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. கிட்டத்தட்ட 4 வருஷம் ஜெயிலில் போச்சு.

நம்ம குரூப்ல இன்னும் அந்த அம்மா முகத்தைத்தான் ஜூம் பண்ணிப் பாக்குறாங்க. கதவை ஏன் அன்னிக்கே உடைக்கலன்னு ஒருத்தனும் கேக்கல.