உயரத்தைக் காசுக்கு விற்காதே, வீடாக வாங்கு!

தாம்பரம் மாநகரத் தோழர்களே!

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டத்துக்கு 2026-ஓடு ஆயுள் முடிகிறது. அடுத்த இருபதாண்டுக்கு எந்தத் தெருவில் எத்தனை மாடி எழும்பலாம் என்பதை மூன்றாவது திட்டம் எழுதப்போகிறது. அச்சேறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தால் கோட்டை விடுவோம்.

1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரத்தையும் குரோம்பேட்டையையும் கூலிக்காரன் கைக்கு எட்டும் ஊராக்கியது அந்தத் தண்டவாளம்தான். இன்று அதே ஸ்டேஷன்களை ஒட்டி வீடு தேடினால், மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் வேலை பார்க்கும் பெண்ணோ தூய்மைப் பணியாளரோ அட்வான்ஸ் தொகையைக் கேட்ட மாத்திரத்தில் திரும்பி நடக்கிறார். 2025 மே மாதம் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகளை இடித்தார்களே, மாற்று வீடு எங்கே கொடுத்தார்கள்? பெரும்பாக்கம், தைலாவரம், கீரப்பாக்கம்! பிழைப்பு இங்கே, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, படுக்க மட்டும் அங்கே. ஏழைக்கு மாடி மேல் மாடி கட்ட அரசுக்குத் தெரியாமலில்லை. ஊருக்குள் கட்டத்தான் மனமில்லை.

நம் பக்கத்துக் கோணலையும் பேசிவிடுவோம். குடியிருப்போர் நலச்சங்கங்களில் இருக்கும் நம் நண்பர்களே ‘எங்கள் தெருவில் அடுக்குமாடி வேண்டாம்’ என்று கையெழுத்து வாங்குகிறார்கள். தண்ணீர் லாரி, சாக்கடை, பார்க்கிங் என்று அவர்கள் சொல்லும் கவலை பொய்யில்லை. ஆனால் இங்கே மாடி ஏறாவிட்டால் ஜனம் காணாமலா போகும்? ஏரிக்கரைக்கும் ஆற்றோரத்துக்கும் போகும். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை நாம்தானே படகில் போய்ப் பார்த்தோம்! குடிநீரும் பாதாளச் சாக்கடையும் முதலில் வரட்டும் என்று சேர்ந்து கேட்போம். மாடியே கூடாது என்பதை மட்டும் ஏற்க முடியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். 2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2, உயர்மாடிக்கு 3.25 வரை. அதற்கு மேல் வேண்டுமென்றால் பணம் கட்டி பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். அதாவது, நம் ரயிலும் சாலையும் ஏற்றிவிட்ட மதிப்பை அரசு விற்கிறது, பில்டர் வாங்குகிறார், அந்த மாடியில் விலைக்கு வாங்க வக்குள்ளவர் குடியேறுகிறார். நம் கோரிக்கை ஒன்றுதான்: ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் கூடுதல் மாடி தாராளமாகக் கொடு, ஆனால் அதற்கு ஈடாக அதே கட்டடத்தில் குறைந்த வாடகை வீடுகளை எழுதி வாங்கு. ஊருக்குள் இருக்கும் அரசு நிலத்தில் அரசின் வீட்டு வாரியமே வாடகை வீடு கட்டட்டும். அந்த வீட்டின் சாவி கைக்கு வரும்வரை ஒரு குடிசையிலும் புல்டோசர் கை வைக்கக் கூடாது.

70 வார்டிலும் பகுதி சபை கூடும்போது இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். ‘அது சி.எம்.டி.ஏ. விவகாரம்’ என்று கவுன்சிலர் நழுவினால், தீர்மானத்தை, திட்டத்தை எழுதும் அந்த சி.எம்.டி.ஏ.வுக்கே அனுப்பச் சொல்லுங்கள். வாடகைக்காரர்களைத் தேடிப்பிடித்து அழைத்து வாருங்கள். சபைகளில் அவர்கள் குரல்தான் கேட்பதே இல்லை. மூன்றாவது திட்டத்தின் வரைவு வெளியாகும் நாளில் நம் மனுக்கள் தயாராக இருக்க வேண்டும். இந்த வாரமே வார்டுக் கிளைகளைக் கூட்டுங்கள், தோழர்களே!