காடு என்பது எது?

காப்புக் காடு, பாதுகாக்கப்பட்ட காடு, காடாகக் கருதப்படும் நிலம், அடர்ந்த காடு, திறந்த காடு - இவையெல்லாம் வனத்துறையினரின் பரிபாஷை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால், இந்தச் சொற்களில் ஒன்றின் பொருள் மாறினாலும் லட்சக்கணக்கான ஹெக்டேர் நிலத்தின் தலையெழுத்தே மாறிவிடும் என்பதற்குக் கர்நாடகம் சாட்சி.

நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியில் காடு அழிக்கப்படுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு வரலாற்றுச் சிறப்புடையது. உரிமையாளர் யாராக இருந்தாலும், அகராதி கூறும் பொருளில் காடாக இருக்கும் நிலம் அனைத்துக்கும் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்றது நீதிமன்றம். அத்தகைய நிலங்களை நிபுணர் குழு அமைத்து மாநில அரசுகள் அடையாளம் காண வேண்டும் என்றும் கூறியது. 'காடாகக் கருதப்படும் நிலம்' என்கிற வகை பிறந்தது இப்படித்தான்.

கர்நாடகத்தில் அவ்வாறு பட்டியலிடப்பட்டது ஏறத்தாழ 9.94 லட்சம் ஹெக்டேர். 2022-இல் பெங்களூரு விதான சௌதாவிலிருந்து வெளியான உத்தரவு அதை 3.3 லட்சம் ஹெக்டேராகக் குறைத்தது. முதல் பட்டியலில் விளைநிலங்களும் குடியிருப்புகளும் தவறாகச் சேர்ந்துவிட்டன என்பது அரசு கூறிய காரணம். மலைநாட்டு விவசாயிகளின் குறை உண்மையானதுதான். ஆனால், நீக்கப்பட்ட 6.6 லட்சம் ஹெக்டேரும் விளைநிலமும் குடியிருப்பும்தானா என்கிற கேள்வி எழாமல் இல்லை.

புள்ளிவிவரத்திலும் சொல் விளையாட்டு உண்டு. இந்திய வன அளவை நிறுவனத்தின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மர விதானம் 10 சதவீதம் இருந்தாலே அது காட்டுப் பரப்பு. மாந்தோப்பும் தென்னந்தோப்பும்கூட அதில் அடங்கும். 2023-ஆம் ஆண்டு அறிக்கை கூறும் 21.76 சதவீதக் காட்டுப் பரப்பை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். மறுபுறம், பெங்களூருவை ஒட்டிய ஹெசரகட்டா போன்ற புல்வெளிகள் மரமில்லாத காரணத்தால் இக்கணக்கில் இடம்பெறுவதில்லை. பறவைகளின் புகலிடமான அப்புல்வெளியைப் பாதுகாக்கும் யோசனையை 2021-இல் நிராகரித்த மாநில வனவிலங்கு வாரியம், 2024-இல்தான் ஒப்புதல் அளித்தது.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்திருக்க வேண்டியது நாடாளுமன்றம். 2023-இல் கொண்டுவரப்பட்ட வனப் பாதுகாப்புத் திருத்த மசோதா, அத்துறைக்கான நிலைக்குழுவுக்கு அனுப்பப்படாமல் கூட்டுக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. உறுப்பினர்கள் சிலர் மாற்றுக் கருத்துகளைப் பதிவு செய்தும், எந்தத் திருத்தமும் இல்லாமல் மசோதா திரும்பியது. இரு அவைகளிலும் நிறைவேறியது. சட்டத்தின் பெயர் ஹிந்தியில் மாற்றப்பட்டது குறித்து எழுந்த எதிர்ப்பின் அளவுக்கு, அதன் உள்ளடக்கம் குறித்து விவாதம் நடக்கவில்லை என்பது வேதனைக்குரியது. அறிவிக்கை செய்யப்பட்ட நிலமும், அரசு ஆவணத்தில் காடு என்று பதிவான நிலமும் மட்டுமே சட்டத்தின் வரம்பில் வரும் என்பதுதான் திருத்தத்தின் சாரம். ஆவணத்தில் ஏறாத காடுகளின் கதி என்ன?

அந்தக் கேள்விக்குத் தாற்காலிக விடை நீதிமன்றத்திலிருந்துதான் வந்தது. கணக்கெடுப்பு முடியும்வரை 1996-ஆம் ஆண்டின் அகராதிப் பொருளே தொடர வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு மாதத்தில் நிபுணர் குழுக்களை அமைத்து, ஆறு மாதங்களில் பணியை முடிக்குமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்குக் கெடு விதித்தது. கால் நூற்றாண்டுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை இது!

'காடும் காடு சார்ந்த இடமும்' முல்லை என்று வகுத்தது தமிழ் மரபு. மரங்களை எண்ணி அல்ல, நிலத்தின் இயல்பை அறிந்து வகுத்த இலக்கணம் அது. இன்றைய தேவையும் அதுவே. ஒவ்வொரு மாநிலமும் தன் பட்டியலைச் சர்வே எண்ணுடன் வெளியிட வேண்டும். கிராம சபைகளின் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். உழுபவரின் நிலத்தை விடுவிக்கவும், நில வணிகரின் கண்பட்ட காட்டைக் காக்கவும் அதுதான் வழி. காட்டை அழிக்கக் கோடரிதான் வேண்டும் என்பதில்லை. கோப்பில் ஒரு சொல்லைத் திருத்தினாலே போதும். அந்தத் திருத்தம் மக்களின் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்று கோருவதில் தவறில்லை.