புஸ்தகசாலையும் ரேடியோ சீட்டும்

யந்திரமென்றால் அஞ்சும் கோஷ்டியைச் சேர்ந்தவர்களல்லர் நாம். ஆகவே பொதுப் புஸ்தகசாலைகளில் ஆர்.எப்.ஐ.டி. என்னும் ரேடியோ சீட்டு முறை பரவி வருவதைச் சந்தோஷத்துடனேயே வரவேற்கிறோம். ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

இம்முறையின் தத்துவம் எளிது. கடுகினும் சிறிய சில்லும், அதனோடு இணைந்த மெல்லிய உலோகச் சுருளும் அடங்கிய சீட்டு புஸ்தகத்தின் உட்புறத்தில் ஒட்டப்படுகிறது. அதற்குப் பாட்டரி கிடையாது. எதிரேயுள்ள கருவி எழுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி பெற்றுத் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். நாலைந்து நூல்களை அடுக்காக வைத்தாலும் ஒருங்கே பதிவாகும். சிங்கப்பூரில் தமிழ் உட்பட நான்கு பாஷை நூல்களை வழங்கும் தேசிய நூலக வாரியம் 1998-லேயே இதனைப் புக்கிட் பாத்தோக் கிளையில் பரீட்சித்து, பின்னர் மற்றக் கிளைகளுக்கும் விஸ்தரித்தது.

வரிசையில் நிற்கும் சிரமம் ஒழிவதைக் காட்டிலும் பெரிய லாபம் வேறொன்று என்பது நமது அபிப்பிராயம். சரித்திர நூலொன்று வைத்திய நூல்களிடையே சொருகப்பட்டுவிட்டால், அது காணாமற்போன நூலேயாகும். பட்டியலில் இருக்கும், கேட்பவர் கைக்கு எட்டாது. கைக்கருவியை அலமாரி நெடுகக் கொண்டு சென்றால் இடந்தவறிய நூல் அகப்பட்டுவிடும். வாசகரின் காலம் வீணாகலாகாதென்பதைத் தமது ஐந்து விதிகளுள் ஒன்றாக 1931-ல் வகுத்த சீர்காழி ரங்கநாதன் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

1948-ல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டப்படி, சொத்து வரியோடு நூலக வரியும் ஜனங்கள் செலுத்துகிறார்கள். அப்பணத்தில் நூல் வாங்காமல் யந்திரம் மாத்திரம் வாங்கினால், பழைய நூல்களையே வெகு நுட்பமாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

இனி நிபந்தனைக்கு வருவோம். நூலைத் தொடரும் யந்திரம் வாசகரையும் தொடர வல்லது. யார், எந்நூலை, எத்தேதியில் எடுத்தாரென்பது கம்ப்யூட்டரில் தங்கிவிடுகிறது. பழைய பேரேட்டிலும் இது உண்டே எனலாம். ஆனால் அதைப் புரட்டிப் பார்க்க ஓர் ஆள் உட்கார வேண்டும், நாட்கள் ஆகும். மேலும், அக்காலத்து நூலகச் சீட்டுகளைப் பிறருடைய கருவிகளும் வாசித்துவிடக் கூடுமென்று பெர்க்லி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் இருவர் 2004-லேயே எடுத்துக்காட்டினர்.

இது வீண் பயமா? 1928-ல் பாரதியாரின் பாட்டுப் புஸ்தகங்களைச் சென்னை சர்க்கார் பறிமுதல் செய்ததை நமது வாசகர்கள் அறிவார்கள். அவற்றைப் படித்தவர்களின் ஜாபிதாவும் ஒரு பொத்தானை அமுக்கிய மாத்திரத்தில் போலீஸார் கைக்கு வந்திருக்குமானால், எத்தனை வீட்டுக் கதவுகள் தட்டப்பட்டிருக்கும்! அந்தச் சர்க்கார் போய்விட்டது. ஜாபிதாவின் மேலுள்ள ஆசையோ எந்தச் சர்க்காரையும் எளிதில் விடுவதில்லை.

ஆகையால், இம்முறைக்கு டெண்டர் கோரும் அதிகாரிகள் அதிலேயே சில ஷரத்துக்களைச் சேர்க்கவேண்டும். சீட்டில் நூலின் எண்ணன்றி வாசகரைப் பற்றிய விவரம் எதுவும் இருக்கலாகாது. நூல் திரும்பி வந்து பாக்கி தீர்ந்ததும் எடுத்தவர் பெயர் அப்பதிவிலிருந்து அழிக்கப்படவேண்டும். அதற்கு முன்னும் நீதிமன்ற உத்தரவின்றி எவருக்கும் அதைக் காட்டலாகாது. வரி செலுத்தும் ஜனங்கள் தத்தம் ஜில்லா நூலக அதிகாரிக்கு இதை எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். அதுவும் யந்திரம் வந்து இறங்குவதற்கு முன்னரே.